தெளிந்த தண்ணீர் எல்லாம் சுத்தமான தண்ணீரா?

குட்டி நண்பர்களே, உங்கள் வீட்டில் மீன் தொட்டி இருக்கிறதா? இல்லை, "இந்தத் தேர்வில் நல்ல மார்க் வாங்கினால் மீன் தொட்டி வாங்கித் தருகிறேன்" என்று அப்பா சொல்லியிருக்கிறாரா? எதுவானாலும் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்!

புதிதாக மீன் வளர்ப்பவர்கள் எல்லோரும் குழம்பிப்போகும் விஷயம் ஒன்று உண்டு. தொட்டி புதிது. தண்ணீர் கண்ணாடி போல் பளிச்சென்று இருக்கிறது. ஆனாலும் ஒரே வாரத்தில் மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கின்றன. "தண்ணீர் சுத்தமாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன்?" என்று வீட்டில் எல்லோரும் கேட்பார்கள்.

விடை இதுதான்: தெளிவாக இருக்கும் தண்ணீர் எல்லாம் சுத்தமான தண்ணீர் அல்ல. மீனைக் கொல்லும் நஞ்சு கண்ணுக்குத் தெரியாது. அந்த நஞ்சை அகற்றுவதுதான் ஃபில்டரின் முக்கியமான வேலை. அதைப் புரிந்துகொண்டால், கடையில் வரிசையாகத் தொங்கும் ஃபில்டர்களில் எது நமக்கு வேண்டியது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

மீன் செய்யும் அசுத்தம்

மீன் சாப்பிடுகிறது. சாப்பிட்டது செரித்த பிறகு அதன் உடலில் அமோனியா என்ற கழிவுப்பொருள் உண்டாகிறது. நாம் கழிவைச் சிறுநீராக வெளியேற்றுகிறோம். மீனோ அமோனியாவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாகவே தண்ணீரில் விட்டுவிடுகிறது. இது போதாதென்று மீன் தின்னாமல் விட்ட தீனியும், அதன் சாணமும், அழுகிய இலையும் சேர்ந்து மேலும் அமோனியாவை உண்டாக்குகின்றன.

ஆற்றிலும் குளத்திலும் இது பிரச்சினையே இல்லை. அங்கே தண்ணீர் ஏராளம், மீன்கள் கொஞ்சம். தொட்டியில் அப்படி இல்லையே! நாலு வாளித் தண்ணீருக்குள் பத்து மீன்களை அடைத்து வைக்கிறோம். அதே தண்ணீரில்தான் அவை மூச்சு விட வேண்டும், சாப்பிட வேண்டும், கழிக்கவும் வேண்டும்.

அமோனியா மீனின் செவுள்களைப் புண்ணாக்கும். தண்ணீரில் காரத்தன்மையும் வெப்பமும் கூடக் கூட அதன் நஞ்சு ஏறும். நம் ஊர் கோடைக்காலத்தை நினைத்துப் பாருங்கள்! மீன் தண்ணீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினாலோ, செவுள்கள் சிவந்து போனாலோ, அது "காப்பாற்று" என்று நம்மிடம் சொல்கிறது என்று அர்த்தம்.

இலவச வேலைக்காரர்கள்

இந்த நஞ்சை யார் அகற்றுவது? கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள்தான்!

பாக்டீரியா என்றதும் நோய்தான் நினைவுக்கு வரும். ஆனால் பாலைத் தயிராக்குவதும், இட்லி மாவைப் புளிக்க வைப்பதும் நல்ல நுண்ணுயிர்கள்தானே? அதுபோல மீன் தொட்டியிலும் நல்லவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இரண்டு குழுவாக வேலை செய்கிறார்கள்.

முதல் குழு அமோனியாவை நைட்ரைட் என்ற பொருளாக மாற்றுகிறது. நைட்ரோசோமோனாஸ் என்ற பாக்டீரியா இந்தக் குழுவைச் சேர்ந்தது. ஆனால் நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சுதான். அது ரத்தத்தில் புகுந்து, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். தண்ணீரில் காற்று இருந்தும் மீன் மூச்சுத் திணறும்.

இரண்டாவது குழு அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரோஸ்பைரா என்ற பாக்டீரியா இதில் கெட்டிக்காரர். நைட்ரேட் மிக அதிகமாகச் சேராதவரை மீனுக்குப் பெரிய தொல்லை தராது. நீர்ச்செடிகள் அதில் கொஞ்சத்தை உரமாக எடுத்துக்கொள்ளும். மீதியை வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றி நாம் அகற்ற வேண்டும்.

இந்த வேலை நுண்ணுயிர்கள் செய்வது என்பதை 1890-ஆம் ஆண்டு வாக்கில் அந்த நுண்ணுயிர்களைத் தனியாகப் பிரித்து எடுத்துக் காட்டியவர் செர்கெய் வினோகிராட்ஸ்கி என்ற விஞ்ஞானி. அவர் ஆராய்ந்தது மண்ணை. இரண்டு குழுக்கள்தான் இதைச் செய்ய முடியும் என்று நூறு ஆண்டுகளுக்கும் மேலாக எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். 2015-ஆம் ஆண்டில் ஒரு வியப்பு! இரண்டு வேலையையும் தனி ஆளாகவே செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா பாக்டீரியாவை விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அதில் ஒரு குழுவினர் அதைக் கண்டெடுத்த இடம் எது தெரியுமா? மீன் வளர்க்கும் தொட்டிகளோடு இணைந்த ஃபில்டரில்!

ஃபில்டர் என்பது ஒரு வீடு

இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் நீந்தித் திரிவது குறைவு. ஏதாவது ஒரு பொருளின்மேல் ஒட்டிக்கொண்டுதான் வாழும். அவற்றுக்கு மூன்று தேவைகள் உண்டு. ஒட்டிக்கொள்ள இடம். உணவாக அமோனியா. மூச்சுக்கு ஆக்சிஜன்.

இப்போது ஒரு ஸ்பாஞ்சை நினைத்துப் பாருங்கள். உள்ளுக்குள் எத்தனை ஆயிரம் துளைகள்! ஒவ்வொரு துளையின் சுவரும் பாக்டீரியாக்களுக்கு ஒரு அறை. அதன் வழியாகத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் உணவும் ஆக்சிஜனும் வாசலுக்கே வந்து சேரும்.

ஆக, ஃபில்டர் என்பது வெறும் டீ வடிகட்டி அல்ல. அது பாக்டீரியாக்களுக்கு நாம் கட்டிக் கொடுக்கும் அடுக்குமாடி வீடு. அழுக்கை வடிகட்டுவது அதன் பாதி வேலைதான்.

"எங்கள் வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறதே! அந்தத் தண்ணீரை ஊற்றினால் ஃபில்டரே வேண்டாமே?" என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. ஆர்.ஓ. இயந்திரம் தண்ணீரை ஒருமுறைதான் சுத்தம் செய்து தரும். மீனோ ஒவ்வொரு நிமிடமும் அசுத்தம் செய்துகொண்டே இருக்கும். தொட்டிக்குள்ளேயே இரவு பகலாக வேலை செய்ய ஒருவர் வேண்டும். மேலும், ஆர்.ஓ. தண்ணீரில் தாது உப்புகள் மிகவும் குறைந்துவிடும். நாம் வழக்கமாக வளர்க்கும் மீன்களுக்கு அந்த உப்புகள் தேவை. அதனால் வெறும் ஆர்.ஓ. தண்ணீர் மீனுக்கு ஏற்றதல்ல.

கடையில் என்னென்ன இருக்கும்?

சென்னை கொளத்தூர் பக்கம் போனால் தெரு முழுக்க வண்ண மீன் கடைகள்தான். உங்கள் ஊரிலும் ஒரு கடையாவது இருக்கும். அங்கே பெரும்பாலும் இந்த வகைகளைப் பார்க்கலாம்.

ஸ்பாஞ்ச் ஃபில்டர்: ஒரு குழாய், அதன் அடியில் ஸ்பாஞ்ச். வெளியே இருக்கும் ஏர் பம்ப் குழாய்க்குள் காற்றை அனுப்பும். குமிழிகள் மேலே ஏறும்போது தண்ணீரையும் தள்ளிக்கொண்டு போகும். அந்த இடத்தை நிரப்ப, ஸ்பாஞ்ச் வழியாகப் புதுத் தண்ணீர் உள்ளே வரும். எளிமையானது, விலையும் குறைவு. மீன் குஞ்சுகளை உறிஞ்சி இழுக்காது. பார்க்கத்தான் அவ்வளவு அழகாக இருக்காது!

உள் ஃபில்டர்: சிறிய மோட்டாரும் ஸ்பாஞ்சும் சேர்ந்த பெட்டி. தண்ணீருக்குள் மூழ்கியே இருக்கும். அழுக்கை நன்றாக இழுக்கும். நீரோட்டம் வேகமாக இருக்கும்.

டாப் ஃபில்டர்: தொட்டியின் மேல் உட்காரும் நீளமான பெட்டி. மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றும். அது ஸ்பாஞ்ச், கற்கள் வழியாக வடிந்து மீண்டும் தொட்டியில் விழும். கழுவுவது சுலபம். தண்ணீர் விழும்போது காற்றும் கலக்கும்.

அடிமணல் ஃபில்டர்: துளைகள் உள்ள தட்டைத் தொட்டியின் அடியில் வைத்து, மேலே கூழாங்கல் பரப்புவார்கள். கற்களே பாக்டீரியாக்களின் வீடாகிவிடும். ஆனால் தட்டுக்கு அடியில் அழுக்கு சேர்ந்தால் எடுப்பது கஷ்டம். மொத்தத் தொட்டியையும் கலைக்க வேண்டியிருக்கும்.

கேனிஸ்டர் ஃபில்டர்: தொட்டிக்கு வெளியே, கீழே வைக்கும் மூடிய டப்பா. குழாய் வழியாகத் தண்ணீர் போய் வரும். உள்ளே நிறைய இடம் இருக்கும். விலை அதிகம். மூன்று, நான்கு அடித் தொட்டிகளுக்குத்தான் இது பொருத்தம்.

சில ஃபில்டர்களில் கறுப்பாகக் கரித்துண்டுகள் இருக்கும். இது நம் கொட்டாங்கச்சியைச் சுட்டும்கூடத் தயாரிக்கப்படும் கரி. தண்ணீரில் உள்ள நிறத்தையும் நாற்றத்தையும் இழுத்துக்கொள்ளும். ஆனால் அமோனியாவை இந்தக் கரி எடுக்காது. சில வாரங்களில் அதன் சக்தியும் தீர்ந்துவிடும். எனவே கரியை மட்டும் நம்பி ஃபில்டர் வாங்கக் கூடாது.

நான்கு கேள்விகள்

கடைக்காரரிடம் போவதற்கு முன், ஒரு தாளில் இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதிக்கொள்ளுங்கள்.

1. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்?

கணக்குப் பாடம் இங்கே உதவும்! நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்குங்கள். வந்த விடையை 1,000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரமுள்ள இரண்டு அடித் தொட்டியை எடுத்துக்கொள்வோம். 60 x 30 x 30 = 54,000. அதாவது 54 லிட்டர். விளிம்பு வரை நிரப்ப மாட்டோம், கல்லும் மணலும் இடம் பிடிக்கும். ஆகவே 45 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

மோட்டார் ஃபில்டர் என்றால், ஒரு மணி நேரத்தில் தொட்டித் தண்ணீர் முழுவதும் நான்கைந்து தடவை அதன் வழியாகப் போய் வர வேண்டும். 45 x 5 = 225. எனவே பெட்டியில் மணிக்கு 250 லிட்டர் என்று போட்டிருந்தால் சரியாக இருக்கும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் என்றால், எத்தனை லிட்டர் தொட்டிக்கு உரியது என்று கேட்டு, அதைவிட ஒரு அளவு பெரியதாகவே வாங்குங்கள். பெரிய ஸ்பாஞ்ச் என்றால் பெரிய வீடு!

2. என்ன மீன் வளர்க்கப் போகிறீர்கள்?

கப்பி, மோலி போன்ற சின்ன மீன்கள் அடிக்கடி குஞ்சு போடும். அவற்றுக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான் பாதுகாப்பு. ஃபைட்டர் மீனுக்கு நீளமான துடுப்புகள் இருக்கும். வேகமான நீரோட்டத்தில் அது களைத்துப்போகும். அதற்கும் காற்றைக் குறைத்து வைத்த சிறிய ஸ்பாஞ்ச் ஃபில்டரே போதும்.

கோல்டு ஃபிஷ் அப்படியல்ல. நிறையச் சாப்பிடும், நிறைய அசுத்தமும் செய்யும். அதற்கு உள் ஃபில்டரோ டாப் ஃபில்டரோ வேண்டும். அதிலும் ஒரு அளவு கூடுதலாகவே வாங்க வேண்டும். ஆனால் இரண்டு அடித் தொட்டியில் பத்து கோல்டு ஃபிஷ்களை அடைத்தால், எவ்வளவு பெரிய ஃபில்டராலும் காப்பாற்ற முடியாது!

3. உங்கள் ஊரில் மின்சாரம் அடிக்கடி போகுமா?

ஃபில்டர் நின்றால் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் கிடைப்பது குறையும். திறந்த தண்ணீரில் இருக்கும் ஸ்பாஞ்ச் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். மூடிய கேனிஸ்டர் டப்பாவில் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும். பல மணி நேரம் மின்சாரம் இல்லை என்றால், அந்த டப்பாவில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் மீண்டும் ஓட விட வேண்டும். மின்வெட்டு அதிகமுள்ள ஊர் என்றால் ஸ்பாஞ்ச் ஃபில்டரும், பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப்பும் நல்ல ஜோடி. மின்சாரம் இல்லாதபோது மீனுக்குத் தீனி போடாதீர்கள்.

"இருபத்து நாலு மணி நேரமும் ஓடினால் கரண்ட் பில் எகிறிவிடுமே!" என்று பாட்டி கவலைப்படலாம். 5 வாட் மோட்டார் ஒரு நாள் முழுக்க ஓடினால் 120 வாட்-மணி. முப்பது நாளுக்கு 3,600. அதாவது 3.6 யூனிட்தான்! இந்தக் கணக்கைப் பாட்டிக்குப் போட்டுக் காட்டுங்கள். இரவில் ஃபில்டரை நிறுத்தி மின்சாரம் மிச்சம் பிடிக்க நினைத்தால், மறுநாள் மீன்தான் கஷ்டப்படும்.

4. யார் சுத்தம் செய்வது?

நீங்களா, அம்மாவா? நீங்கள்தான் என்றால், உங்கள் கையால் கழற்றி மாட்டக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். கடையிலேயே ஒருமுறை கழற்றிக் காட்டச் சொல்லலாம்.

உறை ஊற்றுவது எப்படி?

நல்ல ஃபில்டர் வாங்கியாகிவிட்டது. அன்றைக்கே மீன் விடலாமா? கூடாது! வீடு கட்டியாகிவிட்டது, ஆனால் இன்னும் யாரும் குடிவரவில்லையே.

புது ஃபில்டரில் போதுமான பாக்டீரியாக்கள் வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். ஆரம்பத்தில் கேட்டோமே, பளிச்சென்ற புதுத் தொட்டியில் மீன்கள் ஏன் சாகின்றன என்று? இதுதான் காரணம். பாக்டீரியாக்கள் வருவதற்கு முன்பே மீன்கள் வந்துவிடுகின்றன!

எனவே தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஃபில்டரை ஓட விட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை மீன் தீனி மட்டும் போட்டு வாருங்கள். அது அழுகி உண்டாகும் அமோனியாவே பாக்டீரியாக்களுக்கு முதல் உணவு.

இதைவிடச் சீக்கிர வழியும் உண்டு. பாலுக்கு உறை ஊற்ற அடுத்த வீட்டில் கொஞ்சம் மோர் வாங்குவார்கள் அல்லவா? அதுபோல, நோய் இல்லாத மீன்களை வளர்க்கும் நண்பரிடமிருந்து பழைய ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றை ஈரமாகவே வாங்கி வந்து, உங்கள் ஃபில்டரில் வையுங்கள். பாக்டீரியாக்கள் வேகமாகப் பெருகும்.

தண்ணீரைச் சோதிக்கும் கிட் கடைகளில் கிடைக்கும். அமோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம் என்று காட்டினால் வீடு தயார். முதலில் இரண்டு மூன்று மீன்கள் மட்டும். இரண்டு வாரம் கழித்து இன்னும் இரண்டு. அவசரமே வேண்டாம்.

பளபளவென்று கழுவாதீர்கள்!

ஒரு மாதம் கழிந்ததும் ஸ்பாஞ்ச் பழுப்பு நிறமாகி வழவழவென்று இருக்கும். பார்த்ததும் குழாயைத் திறந்து சோப்புப் போட்டு வெள்ளைவெளேர் என்று தேய்க்கத் தோன்றும். அதைச் செய்தால் குடியிருக்கும் அத்தனை பேரையும் ஒரே நாளில் வெளியேற்றியது போலாகும்! மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

குழாய்த் தண்ணீரில் கிருமிகளைக் கொல்ல குளோரின் கலந்திருக்கும். மேல்நிலைத் தொட்டியில் ப்ளீச்சிங் பவுடர் போட்ட நாளில் இது இன்னும் அதிகம். குளோரினுக்கு நல்ல கிருமி, கெட்ட கிருமி என்ற வித்தியாசம் தெரியாது. மீனின் செவுளையும் அது அரிக்கும்.

சரியான முறை இதுதான்: தண்ணீர் மாற்றும்போது தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு வாளியில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஸ்பாஞ்சை முக்கி இரண்டு மூன்று தடவை பிழிந்து எடுங்கள். அழுக்கு போய்விடும், பாக்டீரியாக்கள் தங்கிவிடும். அந்த வாளித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். நல்ல உரம்!

புதிதாக ஊற்றும் தண்ணீரை அகலமான வாளியில் ஒரு நாள் திறந்து வையுங்கள். குளோரின் பெரும்பாலும் ஆவியாகிவிடும். சில ஊர்களில் குளோரினுக்குப் பதில் குளோரமைன் கலப்பார்கள். அது இப்படிப் போகாது. கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கும் சொட்டு மருந்தை, பாட்டிலில் போட்டுள்ள அளவுப்படி விட்டால் கவலை இல்லை.

நினைவில் வையுங்கள்

* வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். முழுத் தண்ணீரையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம்.

* இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு தீனி போதும். மிச்சமாகும் தீனி எல்லாம் அமோனியாதான்.

* ஏர் பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால், மின்சாரம் போகும்போது தண்ணீர் குழாய் வழியாகப் பம்ப்புக்குள் இறங்கிவிடும்.

* தொட்டிக்குள் கைவிடும் முன் எல்லா ஸ்விட்சையும் அணைத்து, பிளக்கைக் கழற்ற வேண்டும். ஈரக் கையால் பிளக்கைத் தொடவே கூடாது. இந்த வேலைக்குப் பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும்.

* ஃபில்டரும் இல்லாத, சின்னஞ்சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் கோல்டு ஃபிஷ் வளர்க்க வேண்டாம். அது அலங்காரப் பொருள் அல்ல, உயிர்!

ஆற்றில் இருக்கும் மீனுக்குத் தண்ணீர் பிடிக்கவில்லை என்றால் வேறு இடத்துக்கு நீந்திப் போய்விடும். நம் தொட்டி மீன் எங்கே போகும்? அதற்கு ஆறும் நாம்தான், குளமும் நாம்தான். அதனால் கடைக்குப் போனால் முதலில் மீனைப் பார்க்காதீர்கள். ஃபில்டரைப் பாருங்கள். அதை வீட்டில் ஒரு மாதம் ஓட விடுங்கள். அதன் பிறகு மீன் வாங்கப் போகலாம்.

அதுவரை பொறுமையாக இருப்பீர்கள்தானே?